இருபத்தாறு க்ளிக்

சந்தாபுரா,
புதன்கிழமை

அன்பு அப்பாவுக்கு,

வணக்கம்ப்பா. நீங்களும் அம்மாவும் சுகமா? முட்டிவலி குறைஞ்சுதா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. போன்ல பேசுனா குரல் காட்டிக் குடுத்துரும், அதான் லெட்டர். கூரியர்ல போடுறேன், நாளைக்கே கிடைச்சுரும்.

நேத்து ஆபீஸ்ல செம காமெடி! கஸ்டமருக்குக் காட்டுற ஸ்லைடு எல்லாம் நான்தான் பண்ணேன். யூடியூப் பாத்துக் கத்துக்கிட்ட அனிமேஷன் மொத்தத்தையும் இறக்கிட்டேன். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு க்ளிக்குக்குப் பறந்து வரும், சுத்தும், குதிக்கும். அதை வச்சுப் பேசிக்கிட்டிருந்த எங்க மேனேஜர் சுனிதா மேடம் தட்டித் தட்டி அலுத்துப்போய், "இன்னும் எத்தனை தடவைப்பா தட்டணும்?"ன்னாங்க. "இந்த ஸ்லைடுக்கு மட்டும் இருபத்தாறு, மேடம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பாதியிலயே கஸ்டமர் எழுந்து போயிட்டாரு.

என்னை வேலைல நிரந்தரம் பண்றதா, அனுப்புறதான்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்கப்பா. இன்னைக்கு எல்லா அனிமேஷனையும் எடுத்துட்டேன். வெறும் எழுத்து அசையாம நிக்குது. அதுல நான் பண்ணதுன்னு ஒண்ணுமே இல்ல. பயமா இருக்கு.

ஒரு போர்வை அனுப்புங்க, இங்க குளிரு. அம்மா போத்துறது, துவைக்காம. வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் கூப்பிடலைன்னா நீங்க கூப்பிடுங்க. வேலையப் பத்திக் கேக்க வேணாம். போனை வைக்காம ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.

பஸ் வந்துருச்சு.

உங்க பையன்
கோகுலன்