உன் பேர் வேணுமாம், உன் கோட்டு வேண்டாமாம்

என் உயிர் மாப்ள குமரேசா,

உனக்கு மாலை போட்டாங்கடா. பிளாஸ்டிக் மாலை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா மேடையில, ஸ்பான்சர் பண்ண ரியல் எஸ்டேட்காரன் பேனருக்குப் பக்கத்துல உன் போட்டோவை வெச்சு, "நம் சமூகத்தின் தீயணைப்பு வீரர்"னு எழுதியிருந்தாங்க. சங்கத் தலைவர் பாஸ்கர் மைக்கைப் பிடிச்சு உன்னைப் பத்திப் பேசிட்டு, கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். நான் சர்க்கரைப் பொங்கலைத் தட்டோட குப்பையில போட்டுட்டு வெளிய வந்து கார்ல உக்காந்துட்டேன்.

இதை வேற யார்கிட்ட சொல்றது? இங்க யார்கிட்ட வாயைத் திறந்தாலும், "விடுங்க சார், நம்ம ஆளுங்க"ங்கறாங்க. என் தங்கச்சி சுமதியைக் கட்டுறதுக்கு முன்னாடியே காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்ல கிடந்தவன் நீ. என் கோவம் உனக்குத்தான் புரியும்.

முதல்ல ஒரு சேதி. நீ போனப்புறம் சுமதி தனியா கிடக்கறான்னு ஃபிரிஸ்கோவுல இருந்த என் வீட்டை வித்துட்டு நானும் நியூ ஜெர்சிக்கே வந்துட்டேன். உன் மேஜையிலதான் உக்காந்து வேலை பாக்கறேன். ஜன்னல் வழியா நீ தீயணைக்க ஓடின ஃபயர்ஹவுஸ் கூரையும் அதுமேல இருக்கற சைரனும் தெரியுது. நீ ஏன் அந்த மேஜையை அங்க போட்டேன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவுல வளர்ந்தவன், ஏழு கடல் தாண்டி வந்தும் தீயை விடமாட்டேங்கறான்னு சுமதி உன்னைக் கேலி பண்ணுவா. தீப்பிடிச்சுதுன்னா எங்க தெருவே வாளியோட ஓடும், ஓடாதவன் வீட்டுக்கு எங்கம்மா கல்யாணப் பத்திரிகைகூட வைக்கமாட்டான்னு நீ சொல்லுவ. இங்க வந்து பாத்தா இந்த ஃபயர்ஹவுஸ்காரங்களும் அதே ஜாதிதான்டான்னு ஃபோன்ல ஒரு மணி நேரம் அறுப்ப.

அந்த ஃபயர் கம்பெனியோட, அதான் உங்க தீயணைப்புப் படையோட கதையை நீ சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இங்கெல்லாம் பீச் பழத் தோட்டமா இருந்த காலம். ஒரு விவசாயியோட வைக்கோல் கொட்டகை பிடிச்சு எரியுது. பக்கத்து டவுன் தீயணைப்பு வண்டி எல்லை வரைக்கும் வந்து பாத்துட்டு, இது எங்க ஊர் இல்லைன்னு திரும்பிப் போயிருச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் எல்லாரும் வாசல்லயே நின்னு பேசி, இனிமே நாமளே அணைச்சுக்குவோம்னு முடிவு பண்ணாங்க. பழ வண்டியில ஒரு கைப் பம்ப்பைக் கட்டித்தான் ஆரம்பம். சம்பளம் அன்னைக்கும் கிடையாது, இன்னைக்கும் கிடையாது. அப்பன் நின்ன இடத்துல மகன் நின்னான், அப்புறம் பேரன் நின்னான். பிறகு தோட்டத்தை வித்தாங்க, அந்த இடத்துல நம்ம ஆளுங்க குடியிருக்கற சப்டிவிஷன் வந்துச்சு, பேரனுங்க பிழைப்பைத் தேடி வேற ஊருக்குப் போனாங்க. சுவத்துல வரிசையா ஆணியும் அதுல ஆள் இல்லாத கோட்டும் மிச்சம்.

பகல்லதான் ஆள் பஞ்சம்னு நீ தலையில அடிச்சுக்குவ. சீஃப் ஜெர்ரி ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். மத்தவங்க பகல்ல எங்கெங்கயோ வேலையில இருப்பாங்க. பகல் பூரா ஊர்ல இருக்கறது யாரு? ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு வீட்லயே உக்காந்திருக்கற நம்ம ஆளுங்க. கம்பெனிக்கு ஆள் சேக்க நீ வீடு வீடா ஏறி இறங்கின. ரெஸ்யூமேல போடலாமான்னு ஒருத்தன் கேட்டான். பொண்ணு காலேஜ் அப்ளிகேஷனுக்கு உதவுமான்னு ஒருத்தன் கேட்டான். நம்மளுக்கு எதுக்குங்க இந்த வேலைன்னு மீதிப் பேர் டீ குடுத்து அனுப்பிட்டாங்க. த்தூ.

பாஸ்கர் வீட்டுக் கிரகப்பிரவேசம் ஞாபகம் இருக்கா? ஐயர் ஹோமத்துல நெய்யை ஊத்த ஊத்த ஸ்மோக் அலாரம் அலறி, நீயும் ஜெர்ரியும் வண்டியோட போய் நின்னீங்க. பயப்பட ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் ஜெர்ரி பூட்ஸைக் கழட்டி வாசல்ல வெச்சுட்டுத்தான் உள்ள போய் ஜன்னலைத் திறந்துவிட்டாருன்னு எவ்வளவு பெருமையா சொன்ன. அந்த மனுஷனுக்கு ஒரு இலை போடணும்னு பாஸ்கருக்குத் தோணலையே. கேட்டரிங் ஆர்டர் தலைக்கணக்குக்குத்தான் சரியா இருக்காம். நீ அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்ன, எனக்குச் சிரிப்பு வரல.

அதெல்லாம்கூட போகட்டும். நீ போன மத்தியானத்துக்கு வரேன்.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீ இந்த மேஜைக்குக் கீழ சரிஞ்சப்ப, சுமதி கையில கிடைச்சது உன் ஃபோன்தான். அதுலதான் 911 கூப்பிட்டா. அவ அட்ரஸ் சொல்லி முடிச்சதுமே ஃபயர்ஹவுஸ் கூரை மேல சைரன் ஊத ஆரம்பிச்சுது. நெஞ்சுவலின்னாலும் இங்க அதே சைரன்தானே. அப்ப உன் ஃபோன் திரையில மேலருந்து ஒரு மெசேஜ் இறங்குச்சு. சங்கத்து குரூப்ல பாஸ்கர் போட்டிருக்கான். "இந்தச் சனியனை யாராவது நிறுத்துங்கப்பா, கிளையண்ட் கால்ல இருக்கேன்."

முதல்ல வந்தது ஜெர்ரி. சொந்தக் கார்ல, நீல லைட் போட்டுக்கிட்டு. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் உன் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருந்தார், அழுதுக்கிட்டே. உன்னைக் காப்பாத்த முடியலடா. ஆனா கூப்பிட்டதும் வந்தாரு. அந்த மெசேஜ் விஷயத்தை சுமதி என்கிட்ட மட்டும் சொன்னா, அதுவும் பொங்கலுக்கு முந்தின நாள்தான். இப்பத் தெரியுதா நான் ஏன் தட்டை வீசினேன்னு?

விழாவுல உனக்கு மாலை போட்டதுக்குக் காரணம் அடுத்த மாசம் வெளிய வந்துச்சு. பகல்ல வர ஆள் இல்லைன்னா கம்பெனியைக் கலைச்சுட்டு, பக்கத்து டவுனோட சேத்துடலாம்னு டவுன்ஷிப்ல பேச்சு. நம்ம சங்கம் முந்திக்கிட்டு ஒரு மனு குடுத்திருக்கு. சைரனைக் கழட்டணும், கட்டடத்தைச் சங்கத்துக்குத் தரணும், பரதநாட்டிய கிளாஸும் பேட்மின்டனும் நடத்துவோம். பேரு என்ன தெரியுமா? குமரேசன் நினைவு அரங்கம். அன்னைக்குக் கொட்டகை எரியறப்ப எல்லையில நின்னுட்டுத் திரும்பிப் போனானுங்களே, அந்த டவுன் வண்டியை நம்பித்தான் இனிமே நம்ம வீடெல்லாம்.

டவுன்ஷிப் மீட்டிங் அன்னைக்கு பாஸ்கர் ஸ்லைடு போட்டான். உன் படம், பக்கத்துல அரங்கத்தோட படம். நம்ம ஆளுங்க வரிசையா உக்காந்து கை தட்டினாங்க. ஜெர்ரி தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருந்தார். குடும்பத்துக்குச் சம்மதமான்னு மேயர் கேட்டார். சுமதி எழுந்தா. மேயரைப் பாக்கல, நம்ம வரிசையைப் பாத்துத் தமிழ்லயே பேசினா.

"அன்னைக்கு நீங்க நிறுத்தச் சொன்ன சைரன் இவருக்காக ஊதினது, பாஸ்கர். அவர் ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு."

பாஸ்கர் முகம் செத்துப்போச்சு. அவ நிறுத்தல.

"அவர் பேர் வேணும்னா அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்குங்க. ஆணியிலதான் தொங்குது. யார் வரீங்க?"

ஒருத்தன்கூட எந்திரிக்கல மாப்ள. எல்லாத் தலையும் குனிஞ்சு ஃபோனுக்குள்ள போயிருச்சு. சுமதி அதையே இங்கிலீஷ்ல மேயர்கிட்ட சொல்லிட்டு, பேரை வைக்கக் கூடாதுன்னுட்டு உக்காந்தா. பார்க்கிங்ல பாஸ்கர் என்கிட்ட வந்து, சிஸ்டர் ரொம்ப எமோஷனலா எடுத்துக்கறாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்கன்னான். நான் அவன் மூஞ்சியைக்கூடப் பாக்கல. பாத்திருந்தா கை நீண்டிருக்கும்.

முடிவைக் கோடைக்குத் தள்ளி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள பகல்ல ஆள் சேந்தா கம்பெனி இருக்கும், இல்லைன்னா பூட்டுதான்.

மறுநாள் காலையில சுமதி கார் சாவியை எடுத்தா. எங்க போறான்னு கேக்காம நானும் ஏறிக்கிட்டேன். ஃபயர்ஹவுஸ்ல உன் கோட்டு அப்படியே தொங்குது, முதுகுல உன் பேரு. எனக்கு மாட்டிப் பாத்தோம், தொப்பை சேரவிடல. சுமதி மாட்டினா, முழங்கால் வரைக்கும் வந்துச்சு. ஜெர்ரி பக்கத்துல வந்து அவளுக்குக் கோட்டுக் கையை மடிச்சுவிட்டார். எனக்கு வேற சைஸ் தேடித் தரேன்னிருக்கார். பயிற்சி ஆரம்பிச்சாச்சு, உடம்பெல்லாம் வலி. இன்னும் ஆள் பத்தாது. உன் மாதிரி நாங்களும் வீடு வீடா ஏறி இறங்கிட்டிருக்கோம்.

உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன் குமரேசா. இந்தக் கம்பெனி இருக்கற வரைக்கும் சைரன் ஊதினா நாங்க ரெண்டு பேரும் ஓடுவோம். பாஸ்கர் வீடா இருந்தாலும் ஓடுவோம். தீயை அணைச்சுட்டு, அவன் குழந்தைங்களைப் பத்திரமா வெளிய உக்கார வெச்சுட்டுத்தான் திரும்புவோம். ஆனா அந்த வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்.

உன் கோட்டுக்குள்ள அடங்காத மச்சான்,
சண்முகம்