முக்கால் மணி நேரம் கூடுதல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? ஷெட்லாந்தில் புயல் ஓய்ந்ததா? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஸ்பெஷலிஸ்ட் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை. பரிசோதித்துப் பார்த்து, எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் பிறவியிலேயே உள்ள சிரமம், என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தருவார்களாம். இதைக் கேள்விப்பட்ட எங்கள் பெரிய டாக்டர் பெம்பர்டன், வார்டில் எல்லோர் முன்னாலும், "அப்போ உன் பேஷண்ட்டும் முக்கால் மணி நேரம் பொறுத்துத்தான் சாகணுமா, டாக்டரம்மா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

பரிசோதித்த பெண், "உங்க வீட்டுல வேற யாருக்காவது இது இருக்கா?" என்று கேட்டாள். "எங்க வம்சத்துலயே கிடையாது" என்றேன். சின்ன வயதில் நான் எழுத்துக்கூட்டித் திணறும்போது அப்பா புத்தகத்தைப் பிடுங்கி எறிந்து, "நம்ம வம்சத்துல மக்கு கிடையாது" என்பாரே, அதைத்தான் திருப்பிச் சொன்னேன். தினமும் பேப்பரை உன்னிடம் நீட்டி, "கண்ணாடியக் காணோம், நீயே படி" என்கிறவரும் அவர்தான். அவர் மானத்தைக் காக்க நான் பொய் சொன்னேன். என் மானத்தை அந்த வீட்டில் யார் காத்தார்கள்?

ஆட்டு உப்புக்கண்டம் கொஞ்சம் அனுப்பு. சனிக்கிழமை சூப் வைக்கிறேன்; ஒருத்திக்கு வைக்க அளவுதான் பிடிபடவில்லை. கம்பளிக் காலுறையும் வேண்டும்.

டியூட்டிக்கு மணியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு நீ படித்துக் காட்டாதே. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, இதை அவர் கையில் கொடு. முக்கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, அவரே படிக்கட்டும்.

உன் மகள்,
ஒஸ்லா