இனியாவோட டெம்பரேச்சர் சார்ட்டு

ஜூன் 26, வியாழன்

பக்கத்துத் தெருவுல ரெண்டு வூட்டு வாசல்ல வேப்பிலை. தட்டம்மையாம். எம்பொண்ணு இனியாவுக்கு ஒம்பது மாசம் முடிஞ்சு பத்து நாளாவுது, இன்னும் ஊசி போடல. ஊசித் தேதியெல்லாம் அவ அம்மா பூர்ணிமாதான் பாத்துப்பா. அட்டை அவ பீரோவுல இருக்கணும். ஜனவரில அந்த ஆக்ஸிடென்ட்டுல அவ போனதுக்கு அப்புறம் அத நான் தொறக்கல.

அக்காகிட்ட சொன்னேன். "ஆத்தா தெருவுக்கு வந்திருக்கறப்ப ஊசி போடுவாங்களாடா?"ன்னுச்சு. சரின்னுட்டேன். இப்பல்லாம் எதுக்கும் சரிதான்.

ஜூன் 30

பீங்கான் பேக்டரி. சூளை 1240 டிகிரி. எனக்கு மட்டும் ஒண்ணும் சுடல.

ஜூலை 1, செவ்வாய்

நர்ஸ் கொளஞ்சியம்மாள் வூட்டுக்கே வந்துட்டாங்க. அக்கா ஆத்தா கதைய ஆரம்பிச்சுது. நர்ஸம்மா விடல. "ஆத்தா வந்த வூட்டுலதான ஊசி கூடாதும்பீங்க? இங்க இன்னும் வரலயே. அதுக்குள்ள போட்டுடலாம் வாங்க!" அக்காவுக்கே சிரிப்பு வந்துடுச்சு.

பொறந்ததுமே போட்டிருக்கலாமேன்னு கேட்டேன்.

"வயித்துல இருக்கறப்பவே அம்மாவோட எதிர்ப்பு சக்தி கொழந்தைக்கு வந்துடும் தம்பி. அது இருக்கறப்ப இந்த ஊசி சரியா எடுபடாது. இப்ப அது தீர்ற நேரம். இனிமே கொழந்தையே கத்துக்கணும். ஊசியில இருக்கறது வீரியம் கொறைச்ச கிருமி. அத வெச்சு உடம்பு பழகிக்கும்."

புதுச் சூளையையும் அப்படித்தான், கம்மி சூட்டுல பழக்குவோம். ஆனா — ஜனவரிக்கு அப்புறமும் பூர்ணிமாதான் இவளப் பாத்துக்கிட்டு இருந்தாளா?

பீரோவ தொறந்தேன். அட்டையில ஒம்பதாம் மாசத்துக்கு நேரா பென்சில்ல என் பேரப் போட்டு எழுதியிருந்தா: "இந்த ஊசிக்கு வளவன்தான் போவணும். எப்பப் பாரு நானேவா!"

ஜூலை 2, புதன்

போனேன். இனியா அழுதா. என் சட்டையிலயே மூக்கத் தொடச்சா.

ஜூலை 3

நேத்துலேருந்து அரமணிக்கொரு வாட்டி டெம்பரேச்சர் எடுத்து கிராப் போடுறேன். கோடு படுத்தே கெடக்குது. ஊசி வேல செய்யலயோ? நர்ஸம்மாவுக்கு போன் போட்டேன்.

"அது கொழந்தைங்க, சூளை இல்ல! காய்ச்சல் வந்தா ஒரு வாரம் பத்து நாளு கழிச்சுதான் வரும். வராட்டியும் வேல நடக்கும்."

ஜூலை 10

100.1! எதிர்வூட்டு கோதண்டபாணி அண்ணன்கிட்ட ஓடிப்போய் சொன்னேன். "புள்ளைக்கு காய்ச்சல்னு பல்லக் காட்டுற மொத ஆளு நீதான்டா" — அக்கா.

ஜூலை 12

98.4. எறங்கிடுச்சு.

ஜூலை 16, புதன்

பக்கத்துத் தெரு பொம்பளைங்க மூணு பேர அக்காவே ஊசிக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. "அந்தத் தெருவுல நாலு மாசக் கொழந்த ஒண்ணு இருக்குது. அதுக்கு இப்ப போட முடியாது. மத்ததுங்கதான் அரணா நிக்கணும்"னு நர்ஸம்மா மாதிரியே பேசுது.

பேக்டரில ஷிப்டு மாறுறப்ப சார்ட்டுக்கு அடியில ரெண்டு கையெழுத்து வேணும். இனியாவோட சார்ட்டுலயும் எழுதுனேன். ஒப்படைச்சது: பூர்ணிமா. ஏத்துக்கிட்டது: இனியா. அவ கட்டைவிரல கண்மையில தொட்டு வெச்சேன்.

மிச்ச மைய என் மூஞ்சில தேச்சுட்டா. அதோடவே டூட்டிக்குப் போயிருக்கேன், யாரும் சொல்லல.