மாமன் மடிக்கு ஒரு ஊசி

2004 ஜனவரி 18, ஞாயிறு
காலையில் நல்ல பனி. பொங்கல் கரும்பு இன்னும் மூலையில் சாய்ந்தபடி.

சிவாஜிநகரிலிருந்து தங்கச்சி செல்வி வந்தாள், குட்டி ஹரிணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. மாசி பிறந்ததும் காதுகுத்தாம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஒரே தாய்மாமன் நான். என் மடியில்தான் உட்காரவைத்துக் குத்தணும். சரி சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவள் போனதும் தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட். மல்லிகா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கும்போதே சிரிப்பு வேறு. கட்டின பெண்டாட்டி.

ஜன. 21, புதன்
பட்டறைக்கு அரை நாள் லீவு. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது. மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தாச்சு. இனி எபிடூரல் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். முதுகெலும்புக்குள்.

"குணமாயிடுமா சார்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். சிலருக்கு மாசக்கணக்கா வலி குறையும். சிலருக்குக் கொஞ்ச நாள். சிலருக்கு ஒண்ணும் தெரியாது."

இவ்வளவு நேர்மையாகப் பேசினால் பயம் வராதா. சுகர் வேறு இருக்கு, கட்டுக்குள் இருந்தால்தான் போடுவாராம். யோசிச்சுச் சொல்லுங்க என்றார்.

ஜன. 23, வெள்ளி
எங்க ஆடுகோடி ஏரியா பூராவும் தெரிந்துவிட்டது போல. பக்கத்து லேத் நாகராஜ்: "பேடா குரு, வேணாம். முதுகுல ஊசி போட்டா கால் போயிடும்." யாருக்குய்யா போச்சு என்றேன். அவன் மச்சானுடைய ஓனருக்காம்.

வீட்டில் மல்லிகா: "பிரசவத்துக்கு எனக்கும்தான் முதுகுல போட்டாங்க. கால் எங்க போச்சு? உங்க பின்னாடிதானே சுத்திக்கிட்டு இருக்கு."

இருந்தாலும் பயம்தான். வேண்டாம் என்றே தோணுது.
வாங்க: சுரைக்காய், சோப்பு, வலி தைலம் (பெரிசு).

ஜன. 25, ஞாயிறு
செல்வி போன். "ண்ணா, கஷ்டப்படாத. நாற்காலி போட்டுக்கலாம். இல்லன்னா அவ சித்தப்பா மடியில..."

முழுசாகச் சொல்லவிடவில்லை. குத்துக்கல்லாட்டம் மாமன் இருக்க, சித்தப்பன் மடியா.

மத்தியானம் பூராவும் யோசனை. வலியோடு குனிந்து குனிந்து நடந்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. போட்டுப் பார்த்துவிடுவோம். கேட்கவில்லை என்றால் நாற்காலி இருக்கவே இருக்கு.

பிப். 5, வியாழன்
இன்று ஊசி. இல்லை, இன்று ஊசி இல்லை.

வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் செல்வி கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை பண்ணி, தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கலோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். பிரசாதம் சாப்பாட்டில் சேராது என்று நான், கூட வந்த மல்லிகா, செல்வி மூணு பேருமே நினைத்தோம். ஒரு வாய்தான் ஆரம்பித்தேன். நெய், முந்திரி.

சுகர் பார்த்த நர்ஸம்மா முகம் மாறிப்போச்சு. "என்ன சாப்பிட்டீங்க?" மூணு பேரும் தரையைப் பார்த்தோம். டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சாமி கும்பிடுங்க, பொங்கல் வேணாம். அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போட்டால் காதுகுத்துக்குள் கேட்குமா தெரியாது. செல்வி பஸ்ஸில் வழியெல்லாம் அழுகை. திடீரென்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைத் தள்ளி வெச்சுக்கறேன். பிள்ளைக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தேன், உன் முதுகுக்குக் காத்திருக்க மாட்டேனா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப். 12, வியாழன்
போட்டாச்சு. குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே மிஷினில் பார்த்துப் பார்த்து. முதலில் எறும்புக்கடி, அப்புறம் ஒரு அழுத்தம். இதுக்கா இத்தனை கூத்து. ரெண்டு காலும் இருக்கு. நாகராஜிடம் சொல்லணும்.

ஊசி மருந்தால் சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு. மல்லிகா இனிப்பு டப்பாக்களை எல்லாம் ஒளித்துவிட்டாள்.

பிப். 22, ஞாயிறு
இடுப்பில் வலி இருக்கு, ஆனால் காலுக்கு இறங்கும் கரண்ட் பாதிக்கு மேல் போச்சு. பிசியோ சொன்னபடி சம்மணப் பழக்கம், மடியில் தலையணை. மல்லிகா: "தலையணைக்கும் காது குத்திடலாமா?"

மார்ச் 7, ஞாயிறு
வெயில். மண்டபத்தில் மணையைப் போட்டார்கள். உட்கார்ந்தேன். சுருக் என்றுகூட இல்லை.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் குட்டி வீல் என்று கத்தினாள். ரெண்டாவதுக்கு என் மீசையைப் பிடித்து ஒரே இழு. என் கண்ணிலும் தண்ணி. அழுது ஓய்ந்து மடியிலேயே தூங்கிப்போனாள். செல்வி தூக்க வந்தாள். விடு, தூங்கட்டும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வலது கால் மரத்துப்போச்சு. சுத்தமாக உணர்ச்சி இல்லை. நாகராஜ் சொன்னது ஞாபகம் வந்து கெண்டைக்காலைக் கிள்ளிப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் சம்மணம் போட்டிருந்த சித்தப்பன் எழுந்து, தள்ளாடி, தூணைப் பிடித்துக்கொண்டான். "கால் மரத்துப்போச்சு மச்சான்."

அட. எல்லாருக்கும் வர்றதுதான். எத்தனை வருஷம் கழித்து என் காலுக்கும் எல்லாருக்கும் வர்றது வந்திருக்கு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மல்லிகா வந்து, எழுந்திருங்க என்று கையை நீட்டினாள். இரு, இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.