லாரியில் கெடாத பழம்

தோசோர்,
அக்டோபர் 9

என் கண்ணு பெகாயிமுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நானும் அப்பாவும் இரண்டு மாடுகளும் சுகமாக இருக்கிறோம், அங்கே கொரியாவில், பூசானில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது, மழை இல்லாத நாளில் வேலை வந்தால் வலிக்கிறது. நீ அனுப்பிய கையுறை எனக்குத்தான் என்று எழுதியிருந்தாய், நானும் படித்துக் காட்டினேன், ஆனாலும் அவர்தான் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார்.

போன வாரம் போனில் பேசும்போது பின்னால் பக்கத்து வீட்டுக் கெரிம்பெக் மாமா குரல் கேட்கிறதே என்று திகைத்தாயே, ஆமாம், அவர்தான். நம் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். வாயால் சொன்னால் நீ சிரித்தே என்னைப் பேசவிடமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நம் ஆப்ரிகாட் பழம் முழுவதையும் அவர் லாரியில் பிஷ்கெக் சந்தைக்கு அனுப்பினேன், அவர் வழியில் பாலிக்சியில் ஒரு கல்யாண வீட்டில் இறங்கி விருந்து சாப்பிட்டார், பழம் சந்தையில் இறங்கும்போது கூழாகிப்போயிருந்தது. அன்றைக்கு நடுத்தெருவில் நின்று "என் பழத்தைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனவனே"ன்னு நான் கத்தினது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சில்லை.

இந்த வசந்தத்தில் நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஸமிரா என்று ஒரு பெண் வந்தாள். உணவு கெடாமல் வைப்பதைப் பற்றிப் படித்தவள். பழம் வீணாகாமல், டீசலும் அதிகம் எரியாமல் ஊர் போய்ச் சேர வழி கண்டுபிடிக்க அரசாங்கம் நிதி கொடுக்கிறதாம், ஆனால் பயிர் செய்கிறவர், உணவு ஆராய்ச்சி செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம். நம் ஊரில் பெரிய லாரி யாரிடம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். "லாரி இல்லாத ஆராய்ச்சி ஏதாவது இருந்தா குடும்மா"ன்னு கேட்டேன். அதற்கு அவள் "ஏன் அக்கா, உங்க பழம் பிஷ்கெக்குக்கு நடந்தே போகுமா?" என்கிறாள். வாயாடி, உன்னை மாதிரியே. அப்பா வேறு, "போடு, போடு, கையெழுத்துதானே, கல்யாணமா பண்ணிக்கச் சொல்றாங்க" என்று தூண்டிவிட்டார். போட்டேன்.

ஜூலை முழுக்க வேலை. ஸமிரா தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கருவிகளைப் பழத்துக்கு நடுவில் வைத்தாள், கால் மணிக்கு ஒரு தடவை சூட்டைத் தானாகவே குறித்துக்கொள்ளும். விடியற்காலையில் பறித்தது பாதி, மத்தியானம் பறித்தது பாதி, இரண்டும் ஒரே நாளில் ஒரே லாரியில் ஏறும், இப்படி ஒன்பது நடை. நானும் கெரிம்பெக்கும் இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டு "பெட்டியை நெருக்கி அடுக்கக் கூடாதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு", "அடுக்கத் தெரியும்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு" என்று ஸமிரா வழியாகவே பேசினோம். பாவம், அவள் ஆராய்ச்சி செய்ததைவிடத் தூது போனதுதான் அதிகம். கெரிம்பெக் ஒரே ஒரு ஆசையில் இதற்கு வந்திருந்தார், அடுத்த கட்ட நிதியில் குளிர்சாதன லாரி ஒன்று கிடைக்கும் என்று. எங்கே நிறுத்துவது என்று கொட்டகையைக்கூட அகலப்படுத்தி வைத்துவிட்டார்.

முடிவு வந்தது, பெகாயிம். காலையில் பறித்த பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸமிரா வேண்டுமென்றே பாலிக்சியில் ஒரு மணி நேரம் வெயிலில் லாரியை நிறுத்தச் சொன்னாள், அன்றைக்கும் காலைப் பழம் கல்லு மாதிரி போய்ச் சேர்ந்தது. மத்தியானம் பறித்ததோ லாரியில் ஏறும்போதே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுப்படத்தை அவள் காட்டியபோது எனக்குப் பதினோரு வருஷத்துக்கு முந்தைய பழம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் கூலியாள் கிடைக்காமல் நான் உச்சி வெயிலில் பறித்து, சூடு ஆறாமல் நெருக்கி அடுக்கி, சாக்கைப் போட்டு மூடி வேறு அனுப்பினேனே.

செப்டம்பர் கடைசியில் நகரத்திலிருந்து மூன்று பேர் வந்து நம் தோட்டத்தில் உட்கார்ந்தார்கள், இரண்டாம் வருஷ நிதியை முடிவு செய்ய. நடுவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, "குளிர் லாரி கட்டாயம் வேணுமா, நீங்க சொல்லுங்க" என்றாள். கெரிம்பெக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு லாரி வரும், என் பழைய தப்பும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஏட்டில் ஒன்று இருக்க, வாய் வேறொன்று சொல்ல எனக்கு வரவில்லை. "வேண்டாம்மா, பழம் லாரியில கெடல, என் தோட்டத்துலயே கெட்டுடுச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் அப்படித்தான். வெயில்ல பறிச்சது நான், பழியை மட்டும் இவர் லாரியில ஏத்திட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கெரிம்பெக் எழுந்தார், தொப்பியைப் போட்டார், போய்விட்டார்.

லாரியும் போச்சு, மனுஷனும் போனார் என்று நினைத்தேன். மறுநாள் காலை மாவைத் துண்டு போட்டுப் போர்சோக் பொரித்து ஒரு துணியில் முடிந்துகொண்டு வேலியைச் சுற்றிப் போனேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவர் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, தப்பு என்னோடது" என்றேன். நிமிராமலே, "அந்தக் கல்யாணத்துல நான் ரெண்டு மணி நேரம் உக்காந்ததும் நிஜம்தானே. நானுந்தான் பயந்துக்கிட்டே இருந்தேன், ஒருவேளை என்னாலதான் கெட்டுச்சோன்னு" என்றார். அப்புறம் குழாயை மூடிவிட்டு, "உன் வீட்டு டீ குடிச்சு எவ்வளவு நாளாச்சு, நட, முதல்ல அதை ஊத்து" என்றார். நான் முன்னால் நடந்தேன், முகத்தை அவர் பார்க்கக் கூடாதென்று.

அதில் இன்னொன்றும் வெளியே வந்தது. டீ குடிக்கும்போது அவர் வாய் தவறி, "உன் வீட்டுக்காரர் சீட்டாட்டத்துல ஏமாத்தறார்" என்றார். உங்கப்பா பதினோரு வருஷமாக மாட்டுக்குப் புல் பார்க்கப் போகிறேன் என்று எங்கே போயிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவிடம் இன்னும் நான் சரியாகப் பேசவில்லை, ஆனால் இதைப் பதினோரு வருஷம் இழுக்கப்போவதில்லை.

போன திங்கட்கிழமை கடிதம் வந்துவிட்டது, இரண்டாம் வருஷமும் நிதி உண்டு. புது லாரி கிடையாது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓடைத் தண்ணீரிலும் சூரியத் தகட்டிலும் ஓடுகிற குளிர் அறை, பழைய லாரிக்கு உள்பக்கம் கம்பளிச் சுவர், மூன்று ஊர்ப் பழமும் அரைகுறை வண்டிகளில் போகாமல் அவர் ஒரே வண்டியில் நிறைத்துப் போவது. டீசல் பாதிகூட ஆகாது என்கிறாள் ஸமிரா. அகலப்படுத்திய கொட்டகையைத்தான் குளிர் அறைக்குக் கொடுக்கிறேன் என்று கெரிம்பெக் சொல்கிறார், சொல்லும்போது கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது, நான் பார்த்தேன்.

நீ உப்பைக் குறை, அந்த ஊர்க் காரத்தையும் குறை, தலை காயாமல் வெளியே போகாதே. முக்கியமாக, வருகிற வருஷம் லீவை ஆகஸ்டில் கேட்காதே, ஜூலையில் கேள், விடியற்காலையில் பறிக்க எனக்கு ஆள் வேண்டும், உன்னைவிட வேகமாகப் பறிக்கிறவள் இந்த ஊரில் இல்லை. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனுஷர்கள் துணையும் தரட்டும், உன் நெற்றியில் முத்தம்.

உன் அம்மா
சைராகான்
(அரசாங்கத் தாளில் "ஆராய்ச்சிக் கூட்டாளி" என்று போட்டிருக்கிறது. அப்பா மூன்று தடவை படித்தும் நம்பவில்லை.)