நான் சொன்ன பொய்க்கு நீங்கள் அனுப்பிய பால்

அன்புள்ள சிஸ்டர்,

இன்று காலை ஆட்டோவைக் கழுவினேன். பின்சீட்டில் ஃபினாயில் ஊற்றியதும் அந்த வாடை உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கிரிவலப் பாதையில் விழுந்து கிடக்கும் பெரியவர்களை என் வண்டியில் ஏற்றி வந்து, வேங்கிக்காலுக்கு அப்பால் இருக்கும் உங்கள் இல்லத்தில் இறக்குவோம். அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு நீங்களே என் சீட்டைக் கழுவுவீர்கள். நான் தடுத்தால், "அடுத்த சவாரி முகம் சுளிக்கக் கூடாதில்ல தம்பி" என்பீர்கள்.

இல்லத்து வாசலில் ஒரு புனிதரின் படம் இருக்கும். கிழிந்த உடையில் நிற்பவனுக்கு ரொட்டி நீட்டிக்கொண்டிருப்பார். "பணக்கார வீட்டுப் புள்ள. எல்லாத்தையும் குடுத்துட்டு, தெருவுல கெடந்தவங்கள தன் கட்டில்ல படுக்க வெச்சாரு" என்று சொன்னீர்கள். "ஏமாத்த மாட்டாங்களா சிஸ்டர்?" என்று கிண்டலாகக் கேட்டேன். "நெறைய பேரு ஏமாத்தினாங்க. அவரு குடுக்கறத நிறுத்தல. அவரு பேர்லதான் இந்த வீடு" என்றீர்கள். பிழைக்கத் தெரியாத கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, நாம் கொண்டுவந்து சேர்த்திருந்த ஒரு பெரியவர் இல்லத்தில் இறந்தார். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எந்நேரமும் நெற்றியில் விபூதி. "அவங்க முறைப்படி எரிக்கணும். நீங்க கொள்ளி வெக்கறீங்களா தம்பி?" என்றீர்கள். முன்பின் தெரியாதவருக்கு நான் கொள்ளி வைப்பதா? "என் சம்சாரம் முழுகாம இருக்கா சிஸ்டர். புள்ளத்தாச்சி புருஷன் சுடுகாட்டுக்கு வரக் கூடாதுனு சொல்லுவாங்க" என்றேன். பச்சைப் பொய். கல்யாணமாகி ஏழு வருஷமாக எங்களுக்குக் குழந்தை இல்லை.

உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "மொதல்ல வீட்டுக்குப் போங்க" என்று என்னை அனுப்பிவிட்டு, தீச்சட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். மறுநாள் காலை, இல்லத்து மாட்டின் பால் ஒரு தூக்கு நிறைய என் வீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

"எதுக்குய்யா எனக்குப் பாலு?" என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். இல்லத்து வாசலில் அவள் இறங்கிப் போனாள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவரு பொய் சொல்லிட்டாரு."

உள்ளேயிருந்து உங்கள் குரல் கேட்டது.

"பாலு உங்களுக்குப் புடிக்குமாம்மா?"

"புடிக்கும்."

"அப்போ நாளைக்கும் வரும்."

நீங்கள் படுத்த படுக்கையாகும்வரை வந்தது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. உங்கள் குழியில் மண் போட்டபோதுகூட மன்னிப்பு என் வாயில் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று இல்லத்திலிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்திருந்த ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அவருக்கென்று யாருமில்லை என்றார்கள். என் மனைவியே வேட்டி எடுத்துக் கொடுத்தாள். குளித்த ஈரத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சுடுகாட்டில் விறகு அடுக்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன ஆவணும்?"

"புள்ள" என்றேன்.

மறுபடியும் பொய்தான், சிஸ்டர். ஆனால் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது, பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவனாகவே அழுதேன்.