அடி இல்லாத பாட்டு

அக்கா,

விடியலில் பெய்த மழையில் எங்கள் தெரு மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருந்த முட்டை அட்டைகள் நனைந்துவிட்டன. கடைக்காரர் அவற்றை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த என் மூக்கில் அந்த ஈர அட்டை வாசனை ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பர்கூரில் நாம் பாட்டு பதிவு செய்த அறையில் இதே வாசனைதான். வெளிச் சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். அப்படியும் ரோட்டில் கிரானைட் லாரி போனால் உள்ளே கேட்கும். பாட்டை நிறுத்திவிட்டு, லாரி தூரம் போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

உங்களைத் தெரியாதவர்கள் அப்போது ஓசூரில் யார் இருந்தார்கள்? ஆயுதபூஜைக்குக் கம்பெனி கம்பெனியாகப் பாடுவீர்கள். ஒரே பாட்டைத் தமிழில் தொடங்கி, தெலுங்கில் திருப்பி, கன்னடத்தில் முடிப்பீர்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் உங்கள் படம் போட்ட பேனர் தொங்கியது. எல்லாம் வேகப் பாட்டு. நான் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ரிதம் பேடில் குச்சியால் தாளம் அடிப்பேன். முதல் அடி விழுந்ததும் கூட்டம் எழுந்துவிடும். மேடையில் உங்கள் பெயரை நீட்டி நீட்டி அறிவிப்பவர் உங்கள் கணவர். நிகழ்ச்சி பேசி முடிப்பதும் அவர்தான்.

அவர் ஒருநாள் போய்விட்டார். பெங்களூரில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார் என்பது உங்களுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. சில மாதம் கழித்து என்னையும் கீபோர்டு முருகேசனையும் பர்கூருக்கு வரச் சொன்னீர்கள். ரிதம் பேடைப் பையிலிருந்து எடுத்தேன்.

"அத ஓரமா வெச்சிடுடா" என்றீர்கள். "இதுல அடியே கெடையாது."

"அப்ப நான் எதுக்குக்கா?"

"எனக்கு எதுக்கால ஒக்காரு. செவுத்தப் பாத்துப் பாட முடியல."

அப்படித்தான் உங்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். நீங்களே எழுதிய ஆறு பாட்டு. யாரையும் திட்டாத பாட்டுகள். ஒன்றில் ஒரு பெண் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. கத்தியே பழகிய உங்கள் குரல் அதில் பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோல் இறங்கியிருந்தது. இடையில் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. முருகேசன்தான் வாய்விட்டுச் சொன்னான்.

"அக்கா, இது ஓடாதுக்கா."

"ஓட வேணாம். இத்தினி வருசமா ஓடுற பாட்டாவே பாடிக்கினு இருந்தேன். யாராச்சும் ஒக்காந்து கேட்டாப் போதும்."

தைரியமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உங்கள் விரல்கள் ஓயவே இல்லை.

பாட்டு வெளியே வந்ததும் எல்லாருடைய போனுக்கும் போனது. "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?", "தூக்கம் வருது", "பழைய மாதிரி பாடுங்க" என்று கீழே எழுதினார்கள். ஏற்கெனவே நிகழ்ச்சிக்குப் பேசி வைத்திருந்த சிலர் வேறு குழுவைப் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி செல்வி, "அவங்க பாட்டுல நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். தினம் காலையில் போனைத் திறக்கவே பயந்தேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு திருவிழா. மாங்காய் அறுவடை முடிந்திருந்த சமயம், பையன்கள் ஆட்டத்துக்குத் தயாராக மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மேடைக்குப் பின்னால் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். வாயைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"மொதல்ல பழசு. ரெண்டாவது டீ பாட்டு. குச்சியக் கீழ வெச்சிடு."

"இன்னிக்கு வேணாங்க்கா. கூட்டத்தப் பாருங்க."

"பாத்துட்டேன்டா. அதான் வயிறு பெரட்டுது."

முதல் பாட்டில் தூசி பறந்தது. இரண்டாவது பாட்டின் இரண்டு வரி போனதும் "குத்துப் பாட்டு போடு" என்று கத்தத் தொடங்கினார்கள். விசில். ஒரு தண்ணீர் பாக்கெட் உங்கள் காலடியில் வந்து உடைந்தது. விழாக் கமிட்டிக்காரர் மேடைமேல் ஏறி என் காதருகே குனிந்தார்.

"தம்பி, அடிப்பா. நீ அடிச்சா அந்தம்மா தானா வேகமா பாடும். கூட்டம் கலையுது பாரு."

அவர் சொன்னது சரிதான். நான் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். உங்களையும் காப்பாற்றினதாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. கீழே கிடந்த குச்சியைப் பார்த்தேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கெஞ்சுகிற பார்வை இல்லை; பர்கூரில் லாரி போகும்வரை பார்த்துக்கொண்டிருப்போமே, அதே பார்வை. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கமிட்டிக்காரர் என்னைத் திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பையன்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். மேடைக்கு முன்னால் வெறும் தரை தெரிந்தது. உங்கள் குரல் ஓரிடத்தில் உடைந்து நின்றே விட்டது. முருகேசன் மட்டும் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்திருந்தான். அப்போது பின்னால் பாத்திரக் கடை ஓரம் நின்றிருந்த பெண்கள் சிலர் முன்னே நடந்து வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்தீர்கள். யாரும் கைதட்டவில்லை. குழந்தையை மடியில் போட்டிருந்த ஒருத்தி, "இன்னொந்து சல ஹாடக்கா" என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். இன்னொரு தடவை பாடினீர்கள்.

அந்த ஊரில் அதன்பிறகு நம்மைக் கூப்பிடவில்லை. பெரிய மேடைகள் குறைந்தன. ஆனால் ஓசூரில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிகளிலிருந்து அழைப்பு வந்தது. எங்கெங்கோ மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு உட்கார்ந்து கேட்டார்கள். ஜெயித்தோம் என்று நினைத்தேன். நீங்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கதவிடுக்கில் பார்த்து, "வந்துக்கிறாங்களாடா?" என்று கேட்பீர்கள். "ரொம்பிடுச்சுக்கா" என்றாலும் நம்பமாட்டீர்கள். போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. உங்களை எடுத்த அன்று சாலையோரம் நின்றவர்களில் பாதிப்பேர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

நான் இப்போது பகலில் கம்பெனி வேலை, கூப்பிட்டால் வாசிக்கவும் போகிறேன். வேகப் பாட்டுகள்தான். குறை சொல்லவில்லை, எனக்கு அது பிடிக்கும்.

போன வாரம் செல்வி பல நாளாகத் தீராத வலிக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டு தனியாக வீடு திரும்பினாள். எதிரே உட்கார்ந்து, "டாக்டர் சொன்னாங்க..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். முன்பென்றால் அந்த இடைவெளியை நான் விட்டுவைத்திருக்க மாட்டேன். ஒண்ணும் இருக்காது, பயப்படாதே என்று எதையாவது கொட்டி நிரப்பியிருப்பேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இதயம் அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன், அக்கா. கொஞ்ச நேரத்தில் அவளே மூச்சை இழுத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.